கேமராவுக்கு பெரிய, வேகமான மெமரி கார்டு வாங்கப் போறீங்களா? இதெல்லாம் பாத்துட்டு வாங்குங்க

கேமரா பாடி வாங்க மாசக்கணக்குல ரிவ்யூ பாக்குறவங்க கூட மெமரி கார்டுன்னு வந்துட்டா கடைல நின்ன நிலையிலயே "128 ஜிபி ஒண்ணு குடுங்கண்ணே, நல்ல ஸ்பீடா இருக்கட்டும்"னு வாங்கிட்டு வந்துடுறாங்க. லென்ஸ் சுமாரா இருந்தா படம் சுமாரா வரும், லைட் சரியில்லன்னா எடிட்ல கொஞ்சம் தேத்திக்கலாம், ஆனா கார்டு மக்கர் பண்ணா படமே கிடையாது, அதுவும் கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம்னு திரும்ப ஒரு தடவை நடத்தச் சொல்ல முடியாத விசேஷமா இருந்தா கேக்கவே வேணாம். அதனால இதுக்கு கொஞ்சம் நேரம் ஒதுக்குங்க.

நான் அடிச்சு சொல்றது ஒண்ணுதான். கார்டு மேல பெருசா அச்சடிச்சிருக்கிற நம்பரைப் பாத்து வாங்காதீங்க. முதல்ல உங்க கேமரா ஸ்லாட் எந்த வகைன்னு பாருங்க, அடுத்து கார்டுல சின்னதா ஓரமா போட்டிருக்கிற வி நம்பரைப் பாருங்க, ஜிபியும் விலையும் அதுக்கு அப்புறம்தான்.

ஏன்னு ஒரு கார்டை கையில வெச்சே பாத்துடலாம். சாண்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ 128 ஜிபி எஸ்டி கார்டு, நம்ம ஊர் கேமரா பைகள்ல ரொம்ப சகஜமா இருக்கிற கார்டு. இப்ப வர்றதுல செகண்டுக்கு 200 எம்பின்னு கொட்டை எழுத்துல இருக்கும். அது ரீட் ஸ்பீடு, அதாவது கார்டுல இருந்து லேப்டாப்புக்கு காப்பி பண்ற வேகம். படம் எடுக்கும்போது நமக்கு வேணும்கிறது ரைட் ஸ்பீடு, அது இந்த 128 ஜிபி கார்டுல கம்பெனி சொல்ற கணக்குப்படியே அதிகபட்சம் 90 எம்பி, அது முன்பக்கம் பெருசா இருக்காது, பாக்கெட்ல பொடி எழுத்துல தேடணும். அதே கார்டோட 256 ஜிபி மாடல்ல ரைட் 140ன்னு போட்டிருப்பாங்க, பேரு ஒண்ணுதான், டிசைன் ஒண்ணுதான், சைஸ் மாறுனா வேகமும் மாறுது. அந்த கார்டுலயே இன்னும் மூணு குறி இருக்கும், ரோமன் எழுத்துல ஒண்ணு, யூ எழுத்துக்குள்ள 3, அப்புறம் வி30. இந்த மூணும் புரிஞ்சிடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது.

ரோமன் ஒண்ணுன்னா யூஹெச்எஸ் 1, கார்டும் கேமராவும் எந்தப் பாதையில பேசிக்கும்னு சொல்றது. அந்தப் பாதையோட உச்சபட்ச வேகமே செகண்டுக்கு 104 எம்பி. அப்ப 200 எப்படி வருதுன்னு கேட்டா, கம்பெனி தனியா ஒரு முறை வெச்சிருக்கு, அதுக்கு ஒத்து வர்ற கார்டு ரீடர்ல போட்டாத்தான் அந்த வேகம் வரும், சாதாரண ரீடர்ல போட்டா 100க்குள்ளதான் நிக்கும். கேமராவுக்குள்ள அந்த 200 உங்களுக்கு உதவவே உதவாதுன்னு வெச்சுக்கோங்க.

ரோமன் ரெண்டுன்னா யூஹெச்எஸ் 2. கார்டைத் திருப்பிப் பாத்தா தங்கக் கலர் பின் ரெண்டு வரிசை இருக்கும், யூஹெச்எஸ் 1ல ஒரே வரிசைதான், இதை வெச்சு கண்ணாலயே கண்டுபிடிச்சிடலாம். இதோட உச்சம் 312 எம்பி. ஆனா உங்க கேமரா ஸ்லாட்லயும் அந்த ரெண்டாவது வரிசை இருந்தாத்தான் பிரயோஜனம், இல்லன்னா கார்டு வேலை செய்யும், யூஹெச்எஸ் 1 வேகத்துல. கேனான் 200டி மார்க் 2, ஆர்50, நிக்கான் டி750, இசட்50, சோனி ஏ6400, இசட்வி-இ10, ஃபியூஜி எக்ஸ்-டி30 இதெல்லாம் யூஹெச்எஸ் 1 தான், இதுக்கெல்லாம் விலை அதிகமான ரெண்டு வரிசை கார்டு வாங்குறது வீண் செலவு, அந்தக் காசுக்கு நல்ல கம்பெனி யூஹெச்எஸ் 1 கார்டு ரெண்டு மூணு வாங்கலாம். கேனான் 90டி, ஆர்10, ஆர்6, சோனி ஏ6700, நிக்கான் இசட்50 மார்க் 2, ஃபியூஜி எக்ஸ்-டி4 இதெல்லாம் யூஹெச்எஸ் 2. சோனி ஏ7 மார்க் 3ல ஒரு விஷயம் கவனிக்கணும், ரெண்டு ஸ்லாட் இருக்கு, ஆனா முதல் ஸ்லாட் மட்டும்தான் யூஹெச்எஸ் 2, ரெண்டாவது யூஹெச்எஸ் 1, வேகமான கார்டை ரெண்டாவதுல சொருகிட்டு ஸ்லோவா இருக்குன்னு புலம்புறவங்க நிறைய பேர். உங்க கேமரா எதுன்னு தெரியலன்னா மேனுவல்ல கடைசிப் பக்கங்கள்ல ஸ்பெக் பகுதியில இருக்கும், இல்ல கம்பெனி சைட்ல இருக்கும், கடைக்காரர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் போகாதீங்க.

இப்ப வி நம்பர். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். கார்டு மேல எழுதியிருக்கிற 200, 280, 300 எல்லாம் "அதிகபட்சம் இவ்ளோ வரை வரும்". வி நம்பர் "இதுக்குக் கீழ போகாது"ங்கிற உத்தரவாதம். வி30ன்னா தொடர்ந்து எழுதும்போது செகண்டுக்கு 30 எம்பிக்கு குறையக்கூடாது, வி60ன்னா 60, வி90ன்னா 90. யூவுக்குள்ள 3ம் அதே 30 எம்பி தான், யூவுக்குள்ள 1ம் பழைய வட்டத்துக்குள்ள 10ம் வெறும் 10 எம்பி. சில மட்டமான கார்டுங்க முதல் கொஞ்ச நேரம் நல்ல வேகமா எழுதி, அப்புறம் தொபுக்குனு விழும், டெஸ்ட் பண்ணிப் பாத்தா நம்பர் அழகா வரும், ஆனா நாற்பது நிமிஷம் நாதஸ்வரக் கச்சேரி ரெக்கார்டு பண்ணும்போது நடுவுல நின்னுடும். வீடியோவுக்கு வேணும்கிறது கடைசி நிமிஷம் வரைக்கும் ஒரே சீரா எழுதுறது, அதைத் தெளிவா சொல்ற குறி இந்த வி தான்.

எந்த வி வேணும்னு கண்டுபிடிக்க சின்னக் கணக்கு ஒண்ணு இருக்கு. கேமரா மெனுவுல வீடியோ குவாலிட்டி 100, 200, 400, 600ன்னு இருக்கும், அது மெகாபிட். கார்டுல இருக்கிறது மெகாபைட். எட்டால வகுத்தா போதும். 100னா 12.5 எம்பி, 200னா 25, 400னா 50, 600னா 75. இப்ப பாருங்க, இசட்வி-இ10 மாதிரி கேமராவுல 4கே 100 மெகாபிட்ல எடுக்குறீங்கன்னா செகண்டுக்கு 12.5 எம்பி தான் தேவை, வி30 தாராளம், சோனி அந்த 100 மெகாபிட் செட்டிங்குக்கு யூ3 கார்டு கேக்கும், அதுவும் வி30லயே அடங்கிடும். ஃபியூஜி எக்ஸ்-டி4ல 400 மெகாபிட் போட்டா 50 எம்பி, அதனால வி60. சோனி ஏ7 மார்க் 4ல ஆல் இன்ட்ரா (ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியா சேமிக்கிற முறை) 4கே 60பி போட்டா 600 மெகாபிட், 75 எம்பி, வி60 பத்தாது, வி90க்குத்தான் போகணும். வி90 கார்டு விலை வி30யை விட பல மடங்கு, அதனால அந்த செட்டிங் உண்மையிலயே உங்களுக்கு வேணுமான்னு முதல்ல யோசிங்க, யூட்யூப்ல போடுற வ்லாக்குக்கும் கல்யாண வீடியோவுக்கும் பெரும்பாலும் 100, 200 மெகாபிட்டே நல்லா வரும்.

ஏ1, ஏ2ன்னு ஒரு குறி இருக்கும், அது போன்ல ஆப் ஓட்டுறதுக்கு, கேமராவுக்கு சம்பந்தமே இல்ல, அதுக்காக ஒரு ரூபா கூட சேத்து குடுக்காதீங்க.

ஸ்டில் போட்டோ எடுக்குறவங்களுக்கு கணக்கு வேற. ஒவ்வொண்ணா எடுத்தா எந்த வி30 கார்டும் போதும், லேண்ட்ஸ்கேப், ப்ராடக்ட் ஷூட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இதுக்கெல்லாம் மேல யோசிக்கவே வேணாம். பர்ஸ்ட், அதாவது தொடர்ச்சியா படபடன்னு படம் அடிக்கிறவங்களுக்குத்தான் பிரச்சனை. கெட்டிமேளம் சொல்லிட்டாங்க, மாப்பிள்ளை தாலியை எடுத்துட்டாரு, சுத்தி அட்சதை பறக்குது, நீங்க ஷட்டரை அமுக்கிப் பிடிக்கிறீங்க. 24 மெகாபிக்சல் கேமரா, ரா ஃபைல் (ஜேபெக்கா மாத்தாம கேமரா அப்படியே சேமிக்கிற படம்) ஒண்ணு சுமார் 27 எம்பின்னு வைங்க, செகண்டுக்கு 10 படம், அப்ப செகண்டுக்கு 270 எம்பி வந்து குவியுது. கேமரா இதை எல்லாம் முதல்ல உள்ள இருக்கிற பஃபர்ல வாங்கி வெச்சுக்கும், அங்க இருந்துதான் கார்டுக்குப் போகும், குழாய்ல இருந்து வேகமா தண்ணி விழுந்து கீழ சின்ன ஓட்டை இருக்கிற வாளி மாதிரி. ஒரு 40 படத்துல பஃபர் நிரம்பிடுச்சுன்னா அதுக்கப்புறம் கார்டு எவ்ளோ வேகமா இழுக்குதோ அவ்ளோதான் படம். 80 எம்பி வேகத்துல எழுதுற கார்டுன்னா செகண்டுக்கு மூணு படம்கூட முழுசா வராது, ஷட்டர் திக்கித் திக்கி அடிக்கும், அந்த மூணாவது முடிச்சை நாத்தனார் போடுறதுக்குள்ள கேமரா பிஸின்னு காட்டிட்டு நிக்கும். அந்த 40 படத்தை முழுசா இறக்கி வைக்கவே 13, 14 செகண்ட் ஆகும். அதே 200 எம்பி நிஜமா எழுதுற யூஹெச்எஸ் 2 கார்டுன்னா அஞ்சாறு செகண்ட்ல காலியாயிடும். வேடந்தாங்கல்ல சங்குவளை நாரை இறங்குறதையோ, மீன்கொத்தி தண்ணியில பாயுறதையோ எடுக்குறவங்களுக்கும் இதே கதைதான். வேகமான கார்டு வாங்க காசு இல்லன்னா ஒரு வழி இருக்கு, நம்ம விரல்தான், அமுக்கிப் பிடிக்காம சின்ன சின்னதா மூணு நாலு படமா அடிங்க, இல்லன்னா கம்ப்ரஸ்டு (சுருக்கின) ரா செட்டிங்குக்கு மாத்துங்க. சோனி ஏ7 மார்க் 3ல அன்கம்ப்ரஸ்டு ரா சுமார் 47 எம்பி, கம்ப்ரஸ்டு போட்டா சுமார் அதுல பாதி, பஃபர் தாங்குற நேரம் அப்படியே கூடிடும்.

இதுக்கும் மேல சிஎஃப்எக்ஸ்பிரஸ், இது எஸ்டியை விட வேகமான வேற வகை கார்டு. கேமராக்கள்ல புழங்குறது டைப் ஏ, டைப் பின்னு ரெண்டு, ஒண்ணு இன்னொண்ணுல போகவே போகாது, டைப் பி பெருசு, டைப் ஏ எஸ்டி கார்டை விடவும் குட்டி. டைப் ஏ சோனிக்காரங்களுக்கு, ஏ7எஸ் மார்க் 3, எஃப்எக்ஸ்3, ஏ1, இந்த கேமரா ஸ்லாட்ல எஸ்டியும் போடலாம் டைப் ஏவும் போடலாம், ஏ7 மார்க் 4ல அந்த மாதிரி ஸ்லாட் ஒண்ணுதான், இன்னொண்ணு எஸ்டி மட்டும். டைப் பி நிக்கான் இசட்8, இசட்9, கேனான் ஆர்5, ஆர்3 மாதிரி பாடிங்களுக்கு. முதல் தலைமுறையில டைப் ஏ உச்சம் செகண்டுக்கு சுமார் 1000 எம்பி, டைப் பி 2000, 2023ல வந்த 4.0 ரெண்டையும் இரட்டிப்பாக்கிடுச்சு, ஆனா உங்க கேமரா பழைய தலைமுறைன்னா புது கார்டு பழைய வேகத்துலதான் ஓடும். கேனான் ஆர்5ல 8கே ரா எடுத்தா சுமார் 2600 மெகாபிட், எட்டால வகுத்தா 325 எம்பி, எந்த எஸ்டி கார்டும் தாங்காது, அங்க டைப் பி கட்டாயம். இதுல வி நம்பர் கிடையாது, அதுக்கு பதிலா விபிஜி 200, விபிஜி 400ன்னு குறி இருக்கும், அதுவும் அதே மாதிரி குறைஞ்சபட்ச வேக உத்தரவாதம், வீடியோ எடுக்குறவங்க அதைப் பாத்து வாங்குங்க. முகூர்த்த சீசன்ல பாடி வாடகைக்கு எடுக்குறவங்க முதல் நாளே போன் பண்ணி என்ன ஸ்லாட், கார்டும் ரீடரும் சேத்து தருவீங்களான்னு கேட்டுடுங்க, காலைல நாலு மணிக்கு மண்டபத்துல நின்னுட்டு டைப் பி கார்டு எங்க கிடைக்கும்னு தேட முடியாது.

சரி, எத்தனை ஜிபி. 128ன்னு போட்டிருக்கும், விண்டோஸ் கம்ப்யூட்டர்ல 119ன்னு காட்டும், பதறாதீங்க, கம்பெனி ஆயிரத்தால பெருக்குது, விண்டோஸ் 1024ஆல வகுக்குது, அவ்ளோதான் விஷயம், ஏமாத்தல. 27 எம்பி ரா ஃபைல்னா 64 ஜிபில 2000 படத்துக்கு மேல, 128ல 4000க்கு மேல பிடிக்கும். வீடியோ 100 மெகாபிட்ல ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, அப்ப 128ல கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் மணி நேரம். ஒரே பெரிய கார்டா, சின்ன சின்னதா நிறையவான்னு எப்பவும் ஒரு சண்டை ஓடும். ஒரே ஸ்லாட் இருக்கிற கேமராவுல போட்டோ எடுக்குறவங்களுக்கு 512 ஜிபி வேணாம்னுதான் சொல்வேன், நிச்சயதார்த்தத்துல இருந்து மறுவீடு வரைக்கும் ஒரே கார்டுல வெச்சிட்டு அது போச்சுன்னா என்ன பண்றது, 64 இல்ல 128ல நாலு வாங்கி ரிசப்ஷனுக்கு ஒண்ணு, முகூர்த்தத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வெச்சுக்கோங்க. வீடியோ ஆளுங்களுக்கு நடுவுல கார்டு மாத்துறதே ரிஸ்க், அவங்க 256க்குப் போறது நியாயம். ரெண்டு ஸ்லாட் இருந்தா தயவுசெஞ்சு ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதுற பேக்கப் செட்டிங்கைப் போடுங்க, ஒண்ணு நிரம்பினா அடுத்ததுங்கிற செட்டிங்கை கல்யாணத்துல தொடாதீங்க. ஆனா பேக்கப் போட்டா ரெண்டு கார்டுல எது மெதுவோ அதோட வேகத்துக்குத்தான் கேமரா ஓடும், அதனால ஒண்ணு நல்ல கார்டு ஒண்ணு வீட்ல கிடந்த கார்டுன்னு போடாம ரெண்டும் ஒரே தரத்துல வாங்குங்க.

32 ஜிபி வரைக்கும் இருக்கிற கார்டு எஸ்டிஹெச்சி, அதுக்கு மேல 2 டிபி வரைக்கும் எஸ்டிஎக்ஸ்சி. இந்த எஸ்டிஎக்ஸ்சி 2009லதான் அறிவிச்சாங்க, அதனால அதுக்கு முன்னாடி வந்த நிக்கான் டி90 மாதிரி கேமராவுக்கு 64 ஜிபி வாங்கிட்டு வந்து முழிக்காதீங்க, 32தான் எல்லை. அதே மாதிரி 32 ஜிபி கார்டுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக முடியாது, 100 மெகாபிட் வீடியோவா இருந்தா ஆறு நிமிஷத்துக்குள்ள ஃபைல் துண்டாகிடும். வீடியோவுக்கு 64க்கு கீழ யோசிக்காதீங்க.

கார்டு வாங்குற பட்ஜெட்லயே ரீடருக்கும் காசு ஒதுக்குங்க. பழைய யூஎஸ்பி 2 ரீடர் நிஜத்துல செகண்டுக்கு 35, 40 எம்பிக்கு மேல குடுக்காது, முழு 128 ஜிபி கார்டு ஒண்ணு காப்பி ஆக ஒரு மணி நேரம் ஆகும். ரிசப்ஷன் ராத்திரி பதினொண்ணுக்கு முடியுது, விடிகாலை நாலரைக்கு முகூர்த்தம், நடுவுல மூணு கார்டு காப்பி பண்ணணும்னா அதுலயே தூக்கம் போச்சு. யூஎஸ்பி 3 ரீடர்ல அதே யூஹெச்எஸ் 1 கார்டு 24, 25 நிமிஷத்துல முடியும், யூஹெச்எஸ் 2 கார்டும் அதுக்கேத்த ரீடரும் இருந்தா பத்து நிமிஷம் கூட ஆகாது.

அடுத்தது போலி கார்டு. பாக்க அச்சு அசலா இருக்கும், 256 ஜிபின்னு கேமராவும் காட்டும், ஆனா உள்ள இருக்கிறது 16 ஜிபி சிப்பா இருக்கும், பொய் சைஸ் சொல்ற மாதிரி உள்ள புரோகிராம் பண்ணி வெச்சிருப்பாங்க. முதல் 16 ஜிபி வரைக்கும் எல்லாம் சரியா போகும், அதுக்கப்புறம் எடுக்குற படம் பழைய படம் மேலயே விழும் இல்ல காத்துல போயிடும், ஃபைல் பேரு இருக்கும், திறந்தா ஒண்ணும் வராது. அதனால ஆன்லைன்ல பாதி விலைக்கு கிடைக்குதுன்னா ஒதுங்கிடுங்க, யார் விக்கிறாங்கன்னு பாருங்க, கடைல வாங்கினா சீல் பிரிக்காத பாக்கெட்டும் ஜிஎஸ்டி பில்லும் கேட்டு வாங்குங்க, வாரண்டிக்கும் அந்த பில்தான் ஆதாரம். எங்க வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் ஒரு டெஸ்ட் போடுங்க. விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, மேக், லினக்ஸ்ல எஃப்3. காலி கார்டை முழுசா நிரப்பி, எழுதினதை திரும்பப் படிச்சு, ஒத்துப் போகுதான்னு சொல்லும், கூடவே ரைட் ஸ்பீடு எவ்ளோன்னும் காட்டும். பெரிய கார்டுக்கு ரொம்ப நேரம் ஆகும், ராத்திரி போட்டுட்டு தூங்கிடுங்க. ஒரு ஃபைல் கெட்டுப் போச்சுன்னு காட்டினாலும் அந்த கார்டை திருப்பிக் குடுத்துடுங்க. மைக்ரோ எஸ்டியை அடாப்டர்ல போட்டு கேமராவுல ஓட்டுறதும் வேணாம், அந்த அடாப்டர் காண்டாக்ட் ஒரு தடவை ஆடுனா போதும், கார்டு எரர் வந்து நிக்கும்.

வாங்கின பிறகு பழக்கம் கொஞ்சம் முக்கியம். ஃபார்மேட் எப்பவும் எடுக்கப் போற கேமராவுலயே பண்ணுங்க, அதுவும் படம் ரெண்டு இடத்துல காப்பி ஆனதை திறந்து பாத்த பிறகு. கேமராவுல சிவப்பு லைட் மினுக்கும்போது கதவைத் திறக்காதீங்க, பேட்டரியை உருவாதீங்க. கார்டைக் கடைசிப் படம் வரைக்கும் நிரப்பாம கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே மாத்திடுங்க. கார்டு மேல பர்மனென்ட் மார்க்கர்ல 1, 2, 3ன்னு நம்பர் போட்டு, எடுத்து முடிச்ச கார்டை கேஸ்ல தலைகீழா வைங்க, லைட் இல்லாத இடத்துல அசிஸ்டன்ட் தம்பி எடுத்தாலும் எது புதுசு எது முடிஞ்சதுன்னு குழப்பம் வராது. திடீர்னு கார்டு லாக்டுன்னு காட்டினா பக்கவாட்டுல இருக்கிற குட்டி சுவிட்ச் கீழ நகந்திருக்கும், மேல தள்ளினா சரியாகிடும்.

அப்படியும் தப்பித் தவறி யாராவது டெலீட் பண்ணிட்டாங்க, இல்ல ஃபார்மேட் ஆயிடுச்சுன்னா முதல் காரியம் அந்த கார்டை கேமராவுல இருந்து எடுத்துடுங்க, அதுல இன்னொரு படம் கூட எடுக்காதீங்க. சாதாரண ஃபார்மேட்ல அழியுறது ஃபைல் பட்டியல்தான், படம் பெரும்பாலும் உள்ளயே இருக்கும், மேல புதுசா எழுதினாத்தான் போகும். ஆனா கேனான்ல லோ லெவல் ஃபார்மேட் (கார்டை முழுசா துடைக்கிறது) டிக் பண்ணியிருந்தா மீட்குறது கஷ்டம். அழிஞ்ச படத்தை மீட்குற சாஃப்ட்வேர்ல ஃபோட்டோரெக் இலவசம், ரெக்யூவாவும் இருக்கு, அதுல ஒண்ணைப் போட்டு, மீட்ட படத்தை அதே கார்டுல சேவ் பண்ணாம லேப்டாப்லயோ வேற ஹார்டு டிஸ்க்லயோ சேவ் பண்ணுங்க.